மூன்று டப்பாவில் ஊற்றியது

நவம்பர் 2, ஞாயிறு

விடாத தூறல். மாடிக் கொடியில் யூனிபார்ம் மூன்று நாளாகக் காயவில்லை. ஈர நாற்றம். இன்று வார லீவு.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக:
நைட்டி 2
துண்டு
பிரஷ் (பச்சை)
சீப்பு, தேங்காய் எண்ணெய்
போன் சார்ஜர்
கம்பெனி மெடிக்கல் ரிப்போர்ட். டாக்டர் கேட்டாராம்.

கடைசியைத் தவிர எல்லாம் பையில் போட்டாயிற்று.

இசக்கி வியாழக்கிழமை கம்பெனியில், அசெம்பிளி லைனில் விழுந்தாள். என் பக்கத்து ஸ்டேஷன். நான் சர்க்யூட் போர்டைப் பொருத்தித் தள்ளுவேன், அவள் ஸ்குரூ முடுக்குவாள். நாலு போர்டு தேங்கி நிற்கிறதே என்று திரும்பினேன், ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபடியே சரிந்துகொண்டிருந்தாள். வயது 22. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லையாம். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து அம்மா வந்து கூடவே இருக்கிறார்.

ஹாஸ்டலில் அவள் கட்டில் என் கட்டிலுக்கு மேலே. வந்ததிலிருந்து, நான் அரசு வேலைப் பரீட்சைக்கு எழுதி வைத்திருக்கும் பொது அறிவு நோட்டை அவள்தான் பிடித்துக்கொண்டு மேலிருந்து தலையைத் தொங்கப்போட்டுக் கேள்வி கேட்பாள். உயிரியல் பக்கம் என்றால் அவளுக்கு உயிர். எனக்குப் பதில் தெரியாவிட்டால் ஜடையால் முகத்தில் அடிப்பாள்.

இன்று காலை பல் தேய்க்கக் கிளம்பும்போது மேலிருந்து, “மனித உடம்புல ரொம்பப் பெரிய உறுப்பு எது?”

“தோல்” என்றேன். சத்தமாகவே. எதிர்க் கட்டில் பெண் போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

மேலே படுக்கை சுருட்டியபடி இருந்தது.

ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். இசக்கியம்மாள். சிறுநீர்: இயல்பு. புரதம்: இல்லை. சர்க்கரை: இல்லை. யாரிடமும் சொல்ல முடியாது, இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அது அவளுடையது இல்லை. என்னுடையது.

ஆஸ்பத்திரிக்குப் போய், ரிப்போர்ட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் அம்மா, “போனுல இருக்குல்லா தாயி, அதை டாக்டரம்மா பாத்துட்டாவ” என்றார். பிறகு எதற்கு நான் ஒளித்தேன்.

நவம்பர் 3, திங்கள்

காலை ஏ ஷிப்ட். பஸ்ஸுக்குள் ஒழுகல். இசக்கி இடத்தில் புதுப் பெண், கை இன்னும் பழகவில்லை. சூப்பர்வைசர் அவளிடம் காட்டிய பொறுமையை எங்களிடம் ஒரு நாளும் காட்டியதில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

எங்கள் லைனில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் சுவரில் மாட்டிய போர்டில் ஸ்டேஷன் நம்பர் எழுத வேண்டும். ரிலீவர் அக்கா வந்து இடத்தில் நின்ற பிறகுதான் நகரலாம். முப்பது பேருக்கு ஒரே ரிலீவர். எழுதினால் எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டாம் தடவை எழுதினால் சூப்பர்வைசர், “வீட்லயே போய்ட்டு வரமாட்டியாம்மா?” என்பார். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. கேன்டீனில் ஒரு வாய், அவ்வளவுதான். நான் மட்டும் குடிப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகக் கல் வந்து தரையில் புரண்டவள் நான். மானத்தை விட்டு நம்பர் எழுதுவேன். எனக்குப் பட்டப்பெயர் தண்ணி லாரி.

ஜூலையில் கம்பெனி மெடிக்கல் செக்கப். பத்துப் பத்துப் பேராக லைனிலிருந்து அனுப்பினார்கள், பத்து நிமிடம். உயரம், எடை, கண், பிரஷர், பிறகு சிறுநீருக்குப் பெயர் ஒட்டிய ஒரு டப்பா. பாத்ரூமில் நாலு பேர் நின்றோம். இசக்கி, கலா, மணிமங்கலத்துப் பவானி, நான். அவர்கள் மூன்று பேருக்கும் வரவில்லை. காலையிலிருந்து குடிக்காதவர்களுக்கு எங்கிருந்து வரும்? டப்பா கொடுக்காதவர்கள் லீவு நாளில் திரும்ப வர வேண்டும். நர்ஸ் கதவைத் தட்டுகிறார்.

பவானிதான் முதலில். “யக்கா, உன்கிட்ட தான் லாரி கீதே, கொஞ்சம் ஊத்தேன்.”

சிரித்துக்கொண்டே ஊற்றினேன். மூன்று டப்பாவிலும். இசக்கி கடைசியாக நீட்டினாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. இன்றுதான் அது ஞாபகம் வருகிறது.

பிரஷர் அவளுக்குக் கொஞ்சம் அதிகம் என்றார்கள். “பயம்மா, வேற ஒண்ணும் இல்ல” என்று எழுதாமலே விட்டார்கள்.

இரண்டு வாரத்தில் நாலு பேருக்கும் ரிப்போர்ட். சிறுநீர்ப் பகுதி நாலிலும் புள்ளி மாறாமல் ஒன்று. அதையும் பார்த்துச் சிரித்தோம். நாலு உடம்பு ஒரே ரத்தம் என்று கேன்டீனில் பஜ்ஜி வாங்கித் தின்றோம்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. யூனிபார்ம் ஒன்று காய்ந்தது.

ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் படப்பை, அங்கிருந்து பஸ். நாலு மணிக்கு வார்டு. இசக்கியின் முகம் ஊதி, கண் இரண்டும் கோடாக. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய். அவள் அம்மாவுக்கு இட்லி கொண்டுபோனேன். கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“மூணு மாசத்துக்கு முன்ன எல்லாம் சுத்தமா இருந்துருக்குல்லா தாயி. அதனால இது புதுசா வந்த சீக்குதானாம். புதுசுன்னா திரும்பிருமாம். டாக்டரம்மா சொல்லுதாவ.”

டாக்டர் வந்தபோது நானும் நின்றேன். சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும், ஆனால் பிரஷர் இறங்காமல் அதைச் செய்தால் ரத்தம் நிற்காது என்றார். ஸ்கேனிலும் தெளிவில்லை. “ஜூலை ரிப்போர்ட் நார்மல். அதை நம்பித்தான் இறங்குறோம். வியாழக்கிழமை ஸ்ட்ராங்கான மருந்து ஆரம்பிக்கலாம்.”

“பழைய வியாதியா இருந்தா?” என்று கேட்டுவிட்டேன்.

“பழசுன்னா அந்த மருந்தால பிரயோஜனம் இல்ல. எதிர்ப்பு சக்தியைத்தான் தின்னும். இந்த நிலைமையில ஒரு சளி புடிச்சாக்கூடத் தாங்க மாட்டா. ஏம்மா, முன்னாடியே ஏதாவது இருந்துச்சா?”

இசக்கி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் போன பிறகு, அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், என் துப்பட்டா நுனியை இழுத்தாள்.

“சொல்லிராதிய அக்கா.”

“எப்ப இருந்துடி இது?”

“பொங்கல் கழிஞ்சு. ஒண்ணுக்கு நுரை நுரையாப் போச்சு. சோப்புத் தண்ணி மாதி. டெஸ்ட்ல தெரிஞ்சா நிரந்தரம் ஆக்க மாட்டாவன்னு பயந்தேன். அதான் உங்ககிட்ட நீட்டுனேன்.”

அப்படியானால் அன்று அவளுக்கு வராமல் இல்லை.

“அம்மாவுக்கு அந்த ரிப்போர்ட்டு ஒண்ணுதான் அக்கா தெம்பு” என்றாள். அதற்குள் அம்மா வந்துவிட்டார்.

நவம்பர் 5, புதன்

மழை. ஒரகடம் ரோட்டில் தண்ணீர், பஸ் அரை மணி லேட். இரண்டு போர்டு தப்பாகப் பொருத்தினேன். திட்டு.

நாள் முழுக்கக் கேள்விகள். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து, ஸ்குரூ டிரைவர் சத்தத்துக்கு நடுவே, அவள் குரலிலேயே.

சிறுநீரகத்தின் செயல் அலகு? நெஃப்ரான்.
ஒன்றில் எத்தனை? சுமார் பத்து லட்சம்.
எந்தப் பக்கச் சிறுநீரகம் சற்றுக் கீழே? வலது. மேலே கல்லீரல்.
சிறுநீரின் மஞ்சளுக்குக் காரணம்? யூரோகுரோம்.
ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைக்கும் புரதம்? ஆல்புமின்.
அது சிறுநீரில் ஒழுகிப் போனால்?

கடைசிக் கேள்வி என் நோட்டில் இல்லை. நான் எழுதி வைக்கவே இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. புதுப் பெண்ணிடம், “ஏதாவது கேட்டியா?” என்றேன். “இல்லக்கா” என்று சற்றுத் தள்ளி நின்றாள்.

பதில் எனக்குத் தெரியும். நுரைக்கும். கால் வீங்கும். அழுத்தினால் குழி விழும்.

குழியைப் பற்றியும் எழுதிவிட வேண்டும். ஆகஸ்டில் பஸ்ஸில் திரும்பும்போது ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு விளையாட்டு. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்துவது, குழி நிறையும்வரை எல்லோரும் எண்ணுவது. எனக்கு விழவே விழாது. இசக்கிக்கு இருபது வரைக்கும் போகும். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். பரிசு என் பங்கு கடலை மிட்டாய். எட்டு மணி நேரம் நின்றால் யாருக்குத்தான் வீங்காது என்று நாங்களே பேசி முடித்துக்கொண்டோம். மாடல் டெஸ்டில் அந்தப் பாடத்தில் எனக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. வெட்கமாக இருக்கிறது. என் படிப்பில் தீ வைக்க.

சொன்னால்: என் வேலை போகும். அவள் வேலை போகும். அவள் அம்மாவின் தெம்பு போகும்.
சொல்லாவிட்டால்: நாளை மருந்து.

இதற்கு ஒரு பட்டியலே தேவையில்லை. ஆனாலும் நாள் முழுக்கப் பட்டியல்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

லீவு போட்டேன். சம்பளம் இல்லா லீவு. சாப்பிடவில்லை.

ஏழரைக்கே ஆஸ்பத்திரி. டாக்டர் வார்டுக்கு வரும் வழியில் மாடிப்படி ஓரம் நின்றேன். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மாதம் சுமந்தது.

அவர் திட்டவில்லை. போனைத் திறந்து அந்த ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார்.

“அப்ப இது?”

“என்னுது மேடம்.”

“உன் சிறுநீரகம் நல்லாயிருக்கும்மா” என்றார். பிறகு, பொங்கலிலிருந்து நுரை என்றதையும் குறித்துக்கொண்டார். அந்த மருந்து வேண்டாம், டயாலிசிஸ் தொடரட்டும், பிரஷர் இறங்கட்டும் என்று நர்ஸிடம் சொன்னார். என்னிடம், “இன்னைக்கு வந்து சொன்னது நல்லது. ஜூலைல சொல்லியிருந்தா இன்னும் நல்லது” என்றார்.

அவள் அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்றேன். சொன்னேன். அவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அப்ப திரும்பாதா?” என்று மட்டும் கேட்டார். என்னிடம்தான் கேட்டார், நான் ஏதோ டாக்டர் மாதிரி.

உள்ளே போய் செவ்வாய்க்கிழமை நான் கொண்டுபோன டிபன் பாக்ஸை எடுத்துவந்து கையில் கொடுத்தார். கழுவித் துடைத்து வைத்திருந்தார்.

இசக்கி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன். முதுகு அசையவில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் அழுதேன். பூக்காரம்மா, “இன்னாம்மா, யார்னா செத்துட்டாங்களா?” என்றார். இல்லை என்றேன்.

டாக்டர் படியிறங்கும்போது கேட்ட இன்னொரு கேள்வி: “வேற யாருக்காவது ஊத்துனியா?”

நவம்பர் 7, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை.

கலா ஆவணியிலேயே வேலையை விட்டுக் கல்யாணமாகிப் போனவள். மூன்று தடவை போன் அடித்த பிறகு எடுத்தாள். விஷயத்தைச் சொல்லி, ஒரு டெஸ்ட் எடுத்துப் பார் என்றேன். மாசமா இருப்பதாகவும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் எடுத்துவிட்டார்கள் என்றும், ஒன்றும் இல்லை என்றும் சொன்னாள். அவளுடைய சிறுநீரில்தான் எடுத்தார்களா என்று கேட்டேன். “லூசாக்கா நீ?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். உட்கார இடம் தேடினேன்.

ஒரு பயம் போயிற்று. பவானி பாக்கி. அவள் இந்த வாரம் பி ஷிப்ட்.

டப்பா விஷயத்தை ஒப்புக்கொண்டு எச்.ஆருக்கு எழுதிய கடிதம் பையில். திங்கட்கிழமை கொடுப்பேன். ஹாஸ்டல் வார்டன் இசக்கியின் பெட்டியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்: “அந்தப் புள்ள இனி வராதாமே, மேல் கட்டிலுக்கு ஆள் வருது.” அவள் துணிகளை மடித்தேன். தலையணைக்கடியில் என் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். கழிவு நீக்க மண்டலம், படத்தோடு. அந்தப் பக்கம் கிழிந்திருந்தது எனக்கு இத்தனை நாள் தெரியாது. கீழே பென்சிலில் அவள் கையெழுத்து: நுரை ஏன்?

கேள்வி கேட்பவள் என்று அவளை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கேள்வி நிஜமாகவே கேட்டிருக்கிறாள். அதை என்னிடம் கேட்கவில்லை.

நவம்பர் 8, சனி

நல்ல வெயில். யூனிபார்ம் எல்லாம் காய்ந்தது.

ஷிப்ட் முடிந்து வல்லம் வடகால் ஸ்டாப்பில் நின்றேன். பவானி பி ஷிப்டுக்கு வரும் நேரம். மணிமங்கலம் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். தலையில் கனகாம்பரம், கையில் பிஸ்கட் பாக்கெட்.

“இன்னாக்கா, இந்நேரத்துல இங்க நின்னுக்கினு கீற? இசக்கி எப்டி கீது?”

சொன்னேன். டப்பாவைப் பற்றி, ரிப்போர்ட்டைப் பற்றி, டாக்டர் கேட்டதைப் பற்றி. பிஸ்கட்டை மென்றுகொண்டே கேட்டாள்.

“அய்ய, எனக்கு இன்னாக்கா? நா நல்லாதான் கீறேன். வூட்ல அம்மாகூட சொல்லிச்சு, சதை போட்டு மூஞ்சி பளபளன்னு ஆயிட்டன்னு.”

முகத்தைப் பார்த்தேன். பளபளப்பாகத்தான் இருந்தது.

“ஷூவைக் கழட்டு.”

“பஸ் ஸ்டாப்லயா? சைரன் அடிச்சிருவாங்கக்கா.”

“கழட்டு பவானி.”

சிமென்ட் பெஞ்சில் உட்கார வைத்தேன். சாக்ஸ் விளிம்பு காலில் வெட்டு மாதிரி பதிந்திருந்தது. பேன்ட்டை மேலே தூக்கி, எலும்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினேன்.

“கூசுதுக்கா!” என்று சிரித்தாள். “பழைய வெளாட்டா? எண்ணு, எண்ணு.”

விரலை எடுத்தேன். அவளே எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வரைக்கும் உற்சாகமாக. பன்னிரண்டில் குரல் குறைந்தது. இருபதில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.