நோரா ஹாரிங்டனைத் தேடிய வருடம்

1993 மார்ச் 9, செவ்வாய்

டோனலின் முழங்காலுக்கு இன்று டாக்டரைப் பார்த்தோம். ஆப்பரேஷன் வேண்டுமாம். டாக்டர் புதியவர், டப்ளின்காரர். எழுதிக்கொண்டே கேட்டார்: “உங்க அம்மாவுக்கு ஏதாவது நோய் இருந்ததா?”

டோனல் சிரித்தான். “அதை அவங்ககிட்டதான் கேக்கணும் டாக்டர். இங்கிலாந்துல எந்தத் தெருவுல இருக்காங்களோ!”

டாக்டர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகிறது. என் மாமியாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: கல்யாணத்துக்கு முன் பெயர் நோரா ஹாரிங்டன். டோனலுக்கு மூன்று வயதானபோது வேலைக்கென்று அயர்லாந்தை விட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினாள். அதன் பிறகு ஒரு வரி எழுதவில்லை.

வரும் வழியில், “அந்தப் பேச்சை விடு பெர்னி” என்றான். விடுவதாவது! பெற்றவள் தன்னை மறந்துவிட்டாள் என்ற நினைப்பை நாற்பத்தாறு வயது வரை சுமக்கிறான், அதை வைத்து ஜோக் வேறு அடிக்கிறான். தேடத்தான் போகிறேன்.

மார்ச் 14, ஞாயிறு

ஹன்னி அத்தை மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். டோனலின் அப்பாவுக்கு அக்கா. அவனை வளர்த்தது அவள்தான். எண்பத்தொன்று ஆகிறது, இன்னும் ஆட்டுக்கறியில் எலும்பை விடமாட்டாள். டோனல் மாட்டைப் பார்க்க வெளியே போனதும் கேட்டேன்.

“பழசையெல்லாம் எதுக்குடி கிளர்றே? போனவ போனவதான்.”

“அவங்க பிறந்த வீட்டுல யாராவது இருப்பாங்களே, அத்தை?”

“எல்லாரும் அமெரிக்கா போயாச்சு. அங்க ஒரு ஈ காக்கா கிடையாது.”

மாமனாரைக் கேட்கலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்து பத்து வருடம். இருந்தபோதும் சாப்பிட மட்டும்தான் வாயைத் திறப்பார்.

ஏப்ரல் 6, செவ்வாய்

லிவர்பூல், பர்மிங்காம், லூட்டன் என்று நம் ஊர்க்காரர்கள் குவிந்த இடங்களில் இருக்கிற பங்குத்தந்தைகளுக்கெல்லாம் எழுதிப் போட்டாயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெயரில் நோரா க்ரௌலி, கார்க் மாவட்டம், இப்போது எழுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். டோனலிடம் மறைக்கவில்லை. “தபால்தலைக்குப் பிடிச்ச கேடு” என்றான், அவ்வளவுதான்.

மே 5, புதன்

பர்மிங்காமிலிருந்து பதில்! ஒரு நோரா க்ரௌலி இருக்கிறாளாம். வயது ஒத்துவருகிறது, விடுதி நடத்துகிறாள், போன் நம்பரும் கொடுத்திருக்கிறார் சாமியார்.

நான் டயல் செய்யும்போது டோனல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லாமலே எழுந்துபோய் ரேடியோவை அணைத்தான். வானிலை அறிக்கை நேரத்தில்! இந்த வீட்டில் நடக்காத காரியம்.

எடுத்தவுடன் அந்தம்மா பொரிந்து தள்ளினாள். “கார்க்கா? யாரைப் பார்த்து கார்க்குங்கறே? நான் கெர்ரிக்காரிம்மா! மூணு தலைமுறையா கெர்ரி! க்ரௌலி என் புருஷன் பேரு, அதுக்கு நான் என்ன செய்ய? எனக்குப் பிள்ளையே கிடையாது.” அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்து, “கிடைக்கட்டும்மா, நான் வேண்டிக்கறேன்” என்று வைத்துவிட்டாள்.

“கெர்ரியா?” என்றான் டோனல். “அப்போ தப்பிச்சேன்.”

பக்கத்து மாவட்டம் கெர்ரிக்கும் எங்கள் கார்க்குக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். சிரித்தான். ஆனால் சாப்பிடவில்லை.

மே 6

செய்தது சரியா? அவனுக்கு ஆசை காட்டி மோசம் செய்துவிட்டேனோ?

ஜூன் 22, செவ்வாய்

இப்படியும் ஒரு முட்டாள் உண்டா!

டோனலின் ஞானஸ்நானப் பதிவைப் பார்க்கக் கோயிலுக்குப் போனேன். இருந்தது. சரி, அம்மா அப்பா கல்யாணப் பதிவையும் காட்டுங்கள் ஃபாதர் என்றேன். 1944, 45, 46, மூன்று வருடத்தையும் புரட்டினோம். இல்லை. கல்யாணமே நடக்கவில்லையோ? அதனால்தான் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்களோ?

ஃபாதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்மா, உன் கல்யாணம் எங்க நடந்தது?”

“எங்க ஊர்லதான்.”

“அப்புறம்? பொண்ணு ஊர்லதானே நடக்கும்? மாப்பிள்ளை ஊர்ல வந்து தேடினா எப்படிக் கிடைக்கும்?”

தலையில் அடித்துக்கொண்டேன். அவரே போன் போட்டு விசாரித்தார். கிடைத்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கில்மோரா பங்கு, 1945 பிப்ரவரி. நோரா ஹாரிங்டன், தகப்பன் பெயர் டெனிஸ். முப்பது மைல்கூட இருக்காது! நான் லூட்டனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“ஆனா அங்க ஹாரிங்டன்னு கூப்பிட்டா பாதி ஊர் திரும்பிப் பார்க்கும்” என்றார் ஃபாதர். “ஒண்ணு செய். ஜூலை பதினொண்ணு அங்க கல்லறை ஞாயிறு, கல்லறைத் தோட்டத்துலயே பூசை. ஒவ்வொரு குடும்பமும் தங்களோட கல்லறை பக்கத்துல நின்னுக்கிட்டு இருக்கும். கல்லையும் படிக்கலாம், ஆளையும் கேக்கலாம்.”

ஜூலை 11, ஞாயிறு

தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்று டோனலிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன். இன்னொரு கெர்ரிக்காரியை அவன் தாங்கமாட்டான்.

நல்ல கூட்டம். கல்லறைகளைப் பூ வைத்து, கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். பூசைக்கு முன்னால் ஹாரிங்டன்களாகப் பார்த்துப் பார்த்து நடந்தேன். ஒரு கல்லில் டெனிஸ் ஹாரிங்டன், அவர் மனைவி ஜூலியா. அதற்குக் கீழே:

அவர்கள் மகள் நோரா. 1950 ஏப்ரல் 2. வயது 26.

இன்னொரு தடவை படித்தேன். 1950. இங்கிலாந்தாவது மண்ணாவது! அவள் எங்கேயும் போகவில்லை.

பக்கத்தில் நின்ற மனிதர், தொப்பியைக் கையில் பிடித்தபடி, “நீங்க யாரைச் சேர்ந்தவங்க?” என்றார்.

“நோராவோட மருமகள்.”

அவர் அங்கிருந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவரும் டெனிஸ் ஹாரிங்டன்தான், நோராவின் அண்ணன் மகன். பூசை முழுக்க என் கையை விடவில்லை. பிறகு சொன்னார். காசநோய். இலையுதிர்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் வசந்தத்தில் செத்தாள். குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். “வாசல்ல நிறுத்துங்க, ஜன்னல் வழியா பாத்துக்கறேன்னு கேட்டாங்களாம். கூட்டிட்டுப் போறதுக்குள்ள...”

இளம் வயதில் சாகும் பெண்ணைப் பிறந்த வீட்டு மண்ணில்தான் வைப்பார்களாம் அந்தப் பக்கம். அண்ணன் வண்டி கொண்டுபோய் எடுத்துவந்தார். குழிக்குப் பக்கத்திலேயே அவருக்கும் என் மாமனாருக்கும் சண்டை. ‘உங்க ரத்தம்தான் நோயைக் கொண்டுவந்துச்சு’ என்று ஒருவர், ‘நீங்கதான் ஈரத்துல வேலை வாங்கிக் கொன்னீங்க’ என்று ஒருவர். அதோடு இரண்டு வீடும் முடிந்தது.

“பையனும் எங்களை வேண்டாம்னு ஒதுக்கிட்டான்னு நினைச்சோம்” என்றார் டெனிஸ்.

ஜூலை 12

மாட்டுத் தீவனத்துக்குப் புல் அறுக்கிறார்கள். மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் தேநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 13, செவ்வாய்

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், ஜன்னல் வரை.

“இருபத்தாறா?” என்றான். “நம்ம மக க்ரான்யாவைவிட அஞ்சு வயசுதானே பெரியவ? சின்னப் பொண்ணு, பெர்னி. நான் ஒரு சின்னப் பொண்ணையா இத்தனை வருஷமா திட்டிக்கிட்டு இருந்தேன்?”

எழுந்து ஹன்னி அத்தை வீட்டுக்கு நடந்தான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கத்தினான். அவன் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அத்தை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காசநோய் வந்த வீடுன்னு தெரிஞ்சா நம்ம பாலை எவன்டா வாங்குவான்?” என்றாள். “அந்தப் பால்தான்டா நீ தின்ன சோறு. இங்கிலாந்து போயிட்டாள்னு சொன்னா யாரும் கேக்கமாட்டாங்க, எல்லா வீட்டுலயும் ஒருத்தர் போனாங்க. நீ பெரியவனானதும் சொல்லணும்னுதான் இருந்தேன். அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்ல?”

அவன் கதவை அறைந்துவிட்டு வந்தான். எனக்கும் கோபம்தான். ஆனாலும் அவன் பின்னாலேயே அவள் கதவுவரை வந்து நின்றதைப் பார்த்துவிட்டேனே, என்ன செய்ய?

ஜூலை 25, ஞாயிறு

அத்தைக்குச் சாப்பாடு நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். “பையன் சாப்பிட்டானா?” என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறாள்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

காலையில் டோனல் கோட்டு போட்டுக்கொண்டு நின்றான். “கில்மோராவுக்குப் போறோம். அத்தையையும் கிளம்பச் சொல்லு.”

“அத்தையையுமா?”

“ஆமா. அம்மாகிட்ட அவளே வந்து சொல்லட்டும்.”

டெனிஸ் குடும்பம் வாசலுக்கே வந்துவிட்டது. கல்லறையில் டோனல் அந்தப் பெயரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அழுதான், நல்லவேளை. அத்தை மண்டிபோட்டாள். என்ன சொன்னாளோ, ஐரிஷில் முணுமுணுத்தாள், எனக்குக் கேட்கவில்லை. எழுந்திருக்க முடியாமல் தடுமாறியபோது, கெட்டுப்போன முழங்காலோடு குனிந்து அவளைத் தூக்கிவிட்டது டோனல்தான்.

டெனிஸ் மனைவி செய்த ஆப்பிள் கேக்கை வளைத்துக் கட்டினோம். நான் கேள்விப்பட்டேயிராத பதினோரு சொந்தக்காரர்கள்! ஒருத்தி டோனலைவிட அதிகம் பேசுகிறாள். அது ஒன்றும் கஷ்டமில்லை.

செப்டம்பர் 14, செவ்வாய்

கன்றுகளை மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப் போனோம். வேலியில் சாய்ந்திருந்த ஒரு கிழவர், முன்பின் தெரியாதவர், டோனலையே உற்று உற்றுப் பார்த்தார். கடைசியில் பொறுக்காமல், “தம்பி, நீ யாரு மகன்?” என்றார்.

யார் கேட்டாலும் இங்கே அப்பா பெயரைத்தான் சொல்வார்கள். டோனலும் இத்தனை வருடம் அதைத்தான் சொல்லியிருக்கிறான்.

“நோரா ஹாரிங்டன் மகன்” என்றான்.

“அதானே பார்த்தேன்!” என்றார் கிழவர். “அந்த முழி அப்படியே இருக்கே.”

டோனலுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. நான் கன்றுகளைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.