ஃபேன் வைக்காத பெட்டி

மதினி,

நேற்று உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பக்கத்துத் தகட்டை இழுத்ததுமே குப்பென்று தைல வாசனை. பூசணம் பிடிக்கக் கூடாது என்று யூகலிப்டஸ் தைலத்தைத் துணியில் தொட்டுத் தொட்டுப் பெட்டியைத் துடைப்பீர்களே, அதே வாசனை. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, அது மட்டும் போகாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் பீரோவை உங்களைக் கேட்காமல் திறந்து, கையும் களவுமாக அகப்பட்ட மாதிரி வெட்கமாக இருந்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். பெண்ணுக்கு நம் கொடைக்கானல் மலையிலேயே வடகவுஞ்சி. பெயர் தேவி. அவருக்கும் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அடுத்த மாதம் பழனி மலையில் தாலி கட்டுவதாகப் பேச்சு. தைலக் கடையின் பில்லும் லேபிளும் இனி அவர் பொறுப்பு. நீங்கள் போன பிறகு அண்ணன் உங்கள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. இப்போது போட்டுப் பார்த்தால் புது சாஃப்ட்வேர் எதற்கும் அது மூச்சு வாங்குகிறது. குறைந்த செலவில் புதிதாக ஒன்று நீயே சேர்த்துப் போட்டுக் கொடு, பழையதில் ஆவதை எடுத்துக்கொள் என்றார். அதோடு விட்டாரா? இல்லை.

"அவள மதினின்னு கூப்புடு. பேரு சொல்லியும் கூப்புட மாட்டேங்குற, மொறை சொல்லியும் கூப்புட மாட்டேங்குற. அந்தப் புள்ள மனசு என்ன பாடுபடும்?"

கம்ப்யூட்டர் பூட்டுவது எனக்கு ஒரு நாள் வேலை. அந்தச் சொல்தான் வாயில் வர மாட்டேன் என்றது. ஒரு மாதமாக "இந்தாங்க", "இங்க பாருங்க" என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன். தேவியும் அதைக் கவனிக்காதது போல இருந்துகொண்டார்.

நாம் இருவரும் அந்தப் பெட்டிக்குச் சாமான் தேர்ந்தெடுத்த லட்சணம் நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடிக்கிற எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம் வீட்டில் ஒரு பேர். அந்தப் பேருக்கு நானும் தலையை ஆட்டிக்கொண்டு திரிந்தேன். கடையில் ரெடிமேடாக வாங்க நமக்குக் கட்டாது என்பதால், அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனைப் பார்த்து ஒவ்வொன்றாக முடிவு செய்தோம். நான் ஒரு சாமானைக் காட்டினால் நீங்கள் ஒரே கேள்விதான் கேட்பீர்கள். "இது இல்லாட்டி என்னாகும்?" ஒன்றும் ஆகாது என்றால் அதற்கு அப்போதே கல்தா. கிராபிக்ஸ் கார்டு அப்படித்தான் போனது. "நம்ம என்ன சினிமாவா எடுக்கப் போறோம்?" என்றீர்கள். மெமரியில் ஒன்று போதும், இன்னொன்றுக்கு இடம் மட்டும் இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். கரண்டை வாங்கிப் பெட்டிக்குப் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் நீங்கள் பிடிவாதம். கரண்ட் ஏறி இறங்கியதில் உங்கள் மிக்சி ஒருமுறை புகைந்து போயிருந்தது. நல்லதாக வாங்கு, அதில் கஞ்சத்தனம் பண்ணாதே என்று சொல்லிவிட்டீர்கள்.

வெள்ளனே பஸ் ஏறித் திண்டுக்கல் போனோம். கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, கேபினட்டுக்கு இரண்டு ஃபேன் போட வேண்டும் என்றார். உங்களுக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "எங்க ஊர்ல மனுசருக்கே ஃபேன் கெடையாது, பெட்டிக்கு எதுக்குண்ணே?" என்றேன். ஃபேன் போட்டால் அதற்குச் சளி பிடித்துவிடும் என்று நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள். அந்த மனுஷனை வைத்துக்கொண்டே சிரித்தோம். உங்கள் இஷ்டம் என்று அவர் பொட்டலம் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு, ஃபேன் இல்லாத இரண்டு ஓட்டை வழியாகப் பனி உள்ளே போகும் என்று கவலைப்பட்டு, அதன்மேல் நம் தைல பாட்டில் லேபிளை வரிசையாக ஒட்டினீர்கள். அருமையான யோசனை என்று நான் பாராட்டினேன்! பெரிய ஆபீஸ் உத்தியோகக்காரி.

பெட்டி இங்கே ஒழுங்காகத்தான் ஓடியது. உங்கள் தங்கை கல்யாணத்துக்கு அதை மலைக்குக் கீழே ஆயக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போனதில்தான் மானம் போனது. சித்திரை வெயில். மாப்பிள்ளை, பெண் சின்ன வயசுப் போட்டோவெல்லாம் டிவியில் ஓடவிடுவதாக நீங்கள் சொல்லியிருந்தீர்கள். பெண்ணின் பள்ளிக்கூடப் போட்டோ வரும்போது பெட்டி சூடேறிப் பொசுக்கென்று அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது. கூடத்தில் இருந்த ஒரே ஃபேனை மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து திருப்பிப் பெட்டிப் பக்கம் வைத்தார்கள். அவர் துண்டால் விசிறிக்கொண்டு நம்மையே பார்த்தார். கல்யாணத்துக்கு வந்திருந்த கொய்யா வியாபாரிகள் கூட்டம் முழுக்கச் சிரித்தது. கொடைக்கானல்காரர்கள் செய்த பெட்டியா இது என்று உங்கள் சித்தப்பா கேட்டார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

நாத்தனார்தான் ஃபேன் வேண்டாம் என்றாள் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். உங்கள் பிறந்த வீடு, உங்கள் ஆட்கள். யாரும் உங்களைத் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னீர்கள்.

"எங்க ஊருக்குன்னு செஞ்சது சித்தப்பா. ஒங்க ஊரு வெயிலுக்கா செஞ்சோம்?"

பிறந்த ஊரைப் பார்த்து 'ஒங்க ஊரு' என்றீர்கள். உங்கள் அம்மா கையில் இருந்த தாம்பாளத்தோடு அப்படியே திரும்பிப் பார்த்தார். திரும்பி வந்ததும் ஃபேன் வாங்கிவிடலாமா என்று கேட்டேன். எதற்கு, அது இனி மலையை விட்டு இறங்கப் போவதில்லை என்று சொல்லி, கிழிந்த லேபிளுக்கு மேல் புது லேபிள் ஒட்டினீர்கள்.

எனக்காக அப்படிப் பேசிய உங்களுக்கு நான் செய்வது என்ன? தேவியை எனக்குப் பிடிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். சாமான் பார்க்க அவர் வந்த அன்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வது என்று தீர்மானம். போனில் கலர் கலராக விளக்கு எரியும் மெமரியைப் பார்த்துவிட்டு, "இது என்ன, கோயில் திருவிழாவுக்குப் போடுற சீரியல் செட்டா?" என்றார். சிரித்துவிட்டேன். உங்கள் அடுப்படியில், நீங்கள் உட்காரும் இடத்தில் அவர் உட்கார்ந்திருக்க, வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. கூடத்திலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எவ்வளவு லேசாகச் சிரிக்கிறாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தேன்.

நேற்று பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் டார்ச் பிடித்தது அவர்தான். வாசனை அவருக்கும் பட்டது. "இது அக்காவோடதா?" என்று கேட்டார். "கடை சிஸ்டம், பழசு" என்றேன். உங்கள் பேச்சை எடுக்கவே கூசியது. அவருக்குச் சங்கடமாகிவிடும் என்று ஒரு சாக்கு மனதில் ஓடியது. உண்மை அது இல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பேச்சு கெட்டுவிடக் கூடாது என்றுதான் உங்களை மறைத்தேன். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் ஏந்திக்கொண்டு உங்களையே இல்லை என்றேன். நீங்கள் பிடிவாதம் பிடித்து நல்லதாக வாங்க வைத்த, இன்னும் நன்றாக ஓடுகிற அதே சாமான்.

பெட்டியைத் திருப்பியவர் லேபிள் ஒட்டிய ஓட்டைகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பனி போகாம இருக்க ஒட்டுனதா? நல்ல யோசனதான். ஃபேனும் வேணாம்ல. நம்ம ஊர்ல மனுசருக்கே ஃபேன் கெடையாதே."

மதினி, அந்தக் கடையில் நான் சொன்ன அதே பேச்சு. மலையில் பிறந்தவளுக்கு அதைத் தவிர வேறு என்ன தோன்றும்? யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகத் திறந்தது.

"இல்ல மதினி, ஃபேன் கண்டிப்பா வேணும். நானும் எங்க மதினியும் ஒருக்கா இதே சோலியப் பாத்துட்டு ஆயக்குடியில மானத்த வாங்கிட்டு வந்தோம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். துண்டால் விசிறிக்கொண்ட சம்பந்தி, சித்தப்பாவின் கேள்வி, நீங்கள் சொன்ன பதில், ஒன்று விடவில்லை. அவர் டார்ச்சை அணைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். முடிந்ததும், புதுக் கேபினட் வேண்டாம், இதற்குள்ளேயே போடலாம் என்றார். எதற்கு அப்படி என்று கேட்டேன்.

"அக்கா பெட்டிதான? இருக்கட்டும். அந்த லேபிள மட்டும் நீங்களே எடுங்க. நான் எடுக்கக் கூடாது."

தைலத்தைத்தான் தொட்டுத் துடைத்து எடுத்தேன். பசை விட வேறு வழி இல்லை. நீங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்ததால் வெரசா வரவில்லை. ஓட்டை தெரிந்த பிறகு, புதுச் சாமான்களோடு நான் வாங்கி வைத்திருந்த இரண்டு ஃபேனையும் பூட்டினோம். இன்று காலையில் ஓடவிட்டோம். ஒரு லேபிள் கிழியாமல் வந்தது. அதை என் கைப்பையில் வைத்திருக்கிறேன், பைக்குள் எல்லாம் உங்கள் வாசனை.

அண்ணனுக்குச் சந்தோஷம். தேவிக்கும் சந்தோஷம். நான்தான் இன்னும் உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. உங்களைத் தவிர இன்னொருவரை மதினி என்று கூப்பிட்டால் நாக்கு கசக்கும் என்றுதான் இத்தனை நாள் ஒதுங்கி நின்றேன். கசக்கவில்லை, மதினி. உங்களைக் கூப்பிடும்போது எப்படி வருமோ, அப்படியே வந்தது. அதுதான் வெட்கமாக இருக்கிறது.