மூன்று போட்டோவிலும் கையைக் காணோம்

என்னை மலைமேல் விட்டுவிட்டு முந்திக்கொண்டு போன என் ஊட்டுக்காரருக்கு,

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். நம் மகனுடைய பெரிய பெண் டீச்சர் பயிற்சியில் தேறிவிட்டாள். அவள் தம்பி ராசிபுரத்தில் கம்பவுண்டர் ஆகிவிட்டான். ஊருக்கு வந்தால் யாரைப் பார்த்தாலும் நாக்கை நீட்டச் சொல்கிறான். நம் மகளுடைய பையன் வேலு, நீங்கள் தோளில் தூக்கித் திரிந்த கடைக்குட்டி, நாமக்கல்லில் ஆபீசில் எழுதுகிறான். மேசை, நாற்காலி, தலைக்கு மேல் காற்றாடி. சந்தை தவறாமல் இதை எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

அந்தக் கடைசிச் சேதியில்தான் எனக்குச் சந்தேகம் விழுந்தது.

நீங்கள் போனபிறகு மூன்று முறை போட்டோ கேட்டேன், மூன்று முறையும் அனுப்பினான். மூன்றிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறான். ஆபீசில் கோட்டுக் கொடுக்கிறார்கள் என்று ஊரில் நானே சொல்லிவிட்டேன். பிறகு மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரே கோட்டு. தோள் சரிந்து கிடக்கிறது, நடுப் பொத்தான் இல்லை. முதல் படத்தில் கை கோட்டுப் பைக்குள். இரண்டாவதில் அக்குளுக்குள். மூன்றாவதில் நாற்காலிக்குப் பின்னால். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் போட்டோவுக்கு நிற்கிறவன் கையை ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்க அதற்கு மேல் படிப்பு எதற்கு?

ஆனி மாதம் பலாப்பழம் சுமந்துகொண்டு காரவள்ளிக்கு இறங்கினோம். மலைக்கு ரோடு வருகிறது என்று சங்கிலி பிடித்து அளக்கிறார்களே தவிர, இன்னும் தலைச்சுமைதான். அடிவாரத்தில் நின்ற புது லாரியின் பின்பலகையில் ஒரு படம். பலா மரம், அதில் ஏறிய மிளகுக்கொடி. மரத்தில் சாத்தியிருந்தது நம் மலை ஏணி: ஒற்றை மூங்கில், கணுவில் விட்ட கிளைக் குச்சிகளே படி. கீழ்நாட்டுக்காரன் எழுதியிருந்தால் இரண்டு கால் வைத்தல்லவா ஏணி போட்டிருப்பான்? மேலே ஓர் ஆள். கீழே மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி அண்ணாந்து பார்க்கிறாள். அந்த ஆளின் தலைக்கு நேரே இருந்த கணுவில் ஒரு சிவப்புத் துணி.

சுமையை இறக்கவும் மறந்து நின்றுவிட்டேன். ஏணியில் சிவப்புத் துணி கட்டியவர் இந்த மலையிலேயே நீங்கள் ஒருவர்தான். அந்தக் கணுவைத் தாண்டி ஒரு படி ஏற மாட்டீர்கள். உச்சியில் பழுத்த மிளகுச் சரமெல்லாம் குருவிக்குப் போகும். பக்கத்துத் தோட்டத்துக்காரன் உச்சிவரை ஏறிப் பறித்துவிட்டு உங்களைப் பார்த்துச் சிரிப்பான். நானும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லியிருக்கிறேன்.

"ஏனுங்கம்மா, லாரிய வெலைக்குக் கேக்கறாப்புல பாக்கறீங்க?" என்றார் டிரைவர். படம் எழுதினது யார் என்று கேட்டேன். நாமக்கல்லில் லாரி கட்டும் பட்டறையில் ஒரு மலைக்காரப் பையன், ஆபீசு வேலையை விட்டுவிட்டு வந்தவன் என்றார்.

மறுநாளே ஒரு பலாப்பழத்தோடு பஸ் ஏறினேன். பட்டறைக்குள் என்னைப் பார்த்ததும் வேலு பிரஷைக் கீழே போட்டான். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயின.

"கையக் காட்டு சாமி."

"காப்பி சாப்புடறீங்களா அம்மாயி?"

"கையக் காட்டு."

காட்டினான். நகக்கண்ணெல்லாம் பச்சை. விரல் இடுக்கில் சிவப்பு. துரத்திவிட்டார்களா என்று கேட்டேன்.

"இல்லீங்க அம்மாயி, நானாத்தான் வந்துட்டேன். அங்க நான் எழுதுனதக் கட்டி அலமாரில வெச்சுப் பூட்டீருவாங்க. இங்க எழுதுறது ஊரு ஊராப் போவுது."

அப்புறம் எதற்கு அந்தக் கோட்டு? "நீங்கதான் சந்தை பூரா சொல்லிப்போட்டீங்களே" என்றான். கோட்டு போட்டோக் கடைக்காரருடையதாம்.

அவன் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. பட்டறை முதலாளியைத் தனியாகக் கேட்டேன், கூட வேலை செய்கிறவரைத் தனியாகக் கேட்டேன். இருவரும் ஒன்றுபோலவே சொன்னார்கள். ஒன்றுபோலச் சொன்னதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. முதலாளி இன்னொன்றும் சொன்னார். எல்லாப் பெயிண்டருக்கும் மேலே இவனை மேஸ்திரியாக வைக்கிறேன் என்றாராம். இவன் மாட்டேன் என்றுவிட்டானாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஏன்டா என்று பிடித்துக்கொண்டேன். மேஸ்திரி ஆனால் கையில் பிரஷ் இருக்காது, கணக்கு நோட்டுத்தான் இருக்கும் என்றான். மேலே ஏறமாட்டேன் என்கிறவனை ஊரில் எப்படிப் பெருமையாகச் சொல்வது? "உங்கப்புச்சி மாதிரியே பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டேன்.

வேலு கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "அப்புச்சி பயந்துட்டு அந்தத் துணியக் கட்டலீங்க அம்மாயி. அதுக்கு மேல போனா எலை மறைச்சுக்கும், கீழ நிக்கற உங்க மொகந் தெரியாதுன்னு எங்கிட்டச் சொன்னாருங்க."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதையே உருட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் சொன்னதுதானா? என் வாயை அடைக்க அவன் கட்டிய கதையா? படம் எழுதத் தெரிந்தவனுக்குக் கதை கட்டத் தெரியாதா? சொன்னது மெய்யென்றால், ஒவ்வொரு தை மாதமும் மிளகு பறிக்கும்போது மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் அண்ணாந்து பார்த்ததே, இன்னும் இரண்டு சரம் எட்டிப் பறியுங்கள் என்று சத்தம் போடத்தான். அந்த முகத்தையா பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

தை வரட்டும். நம் மகனை அந்தக் கணுவரைக்கும் ஏற்றி, என் முகம் தெரிகிறதா என்று கேட்பேன். இன்னும் ஒரு படி ஏறவிட்டு, மறைகிறதா என்றும் கேட்பேன். மறைந்தால் உங்கள் துணியை அங்கேயே கட்டிவைப்பேன், இது சத்தியம். பேரன் லாரிக்குப் படம் எழுதுகிறான் என்று ஊரில் இன்னும் என் வாயால் சொல்லவில்லை. இதை யாராவது எடுத்துப் படித்தால் அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

வேலுவுக்கும் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன்: "புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு சாமி. கோட்டு வேண்டாம். லாரிக்குப் பக்கத்தில் நில். பத்து விரலும் தெரிய வேண்டும். கழுவிவிட்டு நிற்காதே."

இப்படிக்கு,
இன்னும் கீழே மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உங்கள் பெண்சாதி,
வேலுவின் அம்மாயி,
நல்லம்மாள்.