உத்தேசத்துக்குக் கட்டம் இல்லை

தண்டவாளத் துண்டில் மணி அடித்து எங்கள் ஊருக்கே நேரம் சொன்ன வாத்தியாரய்யாவுக்கு, ஆட்டுக்கார வெயிலுமுத்து பாசத்தோடு சொல்லி எழுதிக்கொள்வது.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. பள்ளிக்கூட ஆண்டு மலரில் உங்களைப் பற்றிப் போட வேண்டும் என்று இப்போதைய தலைமையாசிரியை கேட்டார்கள். உங்களைப் பற்றி அடுத்தவர்களிடம் சொல்ல எனக்கு வராது, உங்களிடமே சொல்லிவிடுகிறேன் என்றேன். நான் சொல்லச் சொல்ல, ஊருக்கு வந்திருக்கிற என் கடைசி மகள் பேச்சி எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்களாம், அங்கங்கே திருத்திக்கொள்கிறாள்.

இந்த வருடம் புரட்டாசியில் விதைத்தது முளைக்கவில்லை. ஐப்பசி மழைக்கு மறுபடி விதைத்திருக்கிறோம். முழங்கால் சொன்னபடி கேட்காததால் ஆடுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கரண்டு மணி வந்துவிட்டது. மணியாச்சி ரயிலடியில் வேலை பார்த்த உங்கள் மைத்துனர் கொண்டுவந்து தந்த தண்டவாளத் துண்டு வேப்பமரத்தில் சும்மா தொங்குகிறது.

நான் சொல்ல வந்தது இதை அல்ல. நீங்கள் எழுதிவைத்த ஒரு வார்த்தையைப் பற்றி. அப்படி ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள் என்பதே நீங்கள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பேச்சியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான் கூட்டிவந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? பேனாவைத் திறந்துகொண்டு, "பொறந்த தேதி என்ன அண்ணாச்சி?" என்றீர்கள்.

"திருக்கார்த்திகை முடிஞ்ச மறு வியாழன்யா. கம்பு கதிர் வாங்கி நிக்கி. மேற்கே கருத்துட்டு வருதுன்னு நீங்க மத்தியான மணியை முந்தியே அடிச்சீயள்லா, புள்ளைங்க கரிசல் சகதில மாட்டிக்கிடக் கூடாதுன்னு. அந்த மணிச் சத்தத்துலதான் பொறந்தா."

"இதை ரிஜிஸ்தர்ல எந்தக் கட்டத்துல எழுத?" என்று நீங்கள் சிரித்தீர்கள். பிறகு பேச்சியை நிற்கவைத்து, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னீர்கள். கை எட்டினால் பள்ளிக்கூட வயசு என்பது அப்போதைய அளவு. அவளுக்கு எட்டவில்லை. தலையைச் சாய்த்துத் தொட்டாள்.

"ஏட்டி, தலையைச் சாய்க்காத."

"நான் சாய்க்கல சார், காதுதான் வந்துச்சு."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "அஞ்சு முடியறதுக்கு அஞ்சாறு மாசம் கெடக்கு. இப்ப விட்டா இன்னொரு வருசம் ஆட்டுக்குப் பின்னாலதான் அலைவா. ஜூன்ல பொறந்ததாப் போட்டுருதேன்" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜூனில்தான் பிறந்தநாள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் ஊரே பிள்ளை பெற்றதுபோல.

நீங்கள் போன இரண்டாம் வருடம் பேச்சியைக் கழுகுமலையிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை குமரேசன், தீப்பெட்டி ஆபீசில் வண்டி ஓட்டுகிறவர். தகப்பன் இல்லை. தாய் பொன்னுத்தாய்தான் எல்லாம். மூத்த மகன் ராணுவத்தில், வடக்கே மலையில் இருந்தான். பொன்னுத்தாய்க்குப் பேச்சியைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பேச்சிக்கும் பையனைப் பிடித்திருந்தது. (எழுதுகிறவள் இந்த இடத்தில் பேனாவை நிறுத்துகிறாள். எழுது தாயி, உண்மைதானே.)

எங்கள் வீடுகளில் யாருக்கும் ஜாதகம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அம்மன் கோவிலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கட்டிப் போட்டு ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வோம், அவ்வளவுதான். ஆனால் கோவில்பட்டி பஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் வந்திருந்தது. தேதியைக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் கட்டம் போட்டுத் தாளாகத் துப்பிவிடும். பொன்னுத்தாயின் சொந்தக்காரர்கள் பேச்சியின் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டின் நகலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் பொன்னுத்தாய் தாளோடு தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, புள்ளையை எனக்குப் பிடிக்கத்தான் செய்யுது. ஆனா இதுல கேட்டை நட்சத்திரம்னு போட்டுருக்கு. மாப்பிள்ளைக்கு மூத்தவனுக்கு ஆகாதாம். எம்மூத்தவன் துப்பாக்கியைப் புடிச்சிக்கிட்டு மலையில நிக்கான். நான் என்ன செய்ய?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வந்திருக்குமா?

தாள் அவளோடு போனாலும் சேதி இங்கேயே தங்கிவிட்டது. பேச்சி தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போகிற இடத்தில், "கேட்டைக்காரி வாரா, அண்ணன் இருக்கவன்லாம் ஓடுங்க" என்று கேலி பேசினார்கள். புதூர்ப் பக்கத்திலிருந்து விசாரித்திருந்த இன்னொரு வீடும் பேச்சை விட்டுவிட்டது. ஒரு தாள் அவளுக்கு ஒரு பெயரைக் கொடுத்துவிட்டது. இனி எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் போய் நிற்கும் என்று தெரிந்தது.

பேச்சியைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர்ப் பெட்டிக்கு முன்னால் செல்வி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மரியாதையான பிள்ளை.

"நான் அடிக்கதைத்தான் தாத்தா அது சொல்லும். நானா ஒண்ணும் சொல்லல."

"நீ என்னம்மா அடிச்ச?"

அவள் தேதியை வாசித்தாள். ஜூன். எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. காதுக்காக நீங்கள் போட்ட தேதி, நட்சத்திரம் பார்க்கப் போய்விட்டது.

"நேரம்?"

"சர்டிபிகேட்ல நேரம் இல்லை. இல்லாட்டா நாங்க மத்தியானம் பன்னெண்டுன்னு போட்டுருவோம். நேரம் போடாம அது அடுத்த பக்கத்துக்குப் போகாது."

"தெரியாதுன்னு போடு."

"அதுக்குக் கட்டம் இல்ல தாத்தா."

ஊருக்கு வந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். பீரோவிலிருந்து உங்கள் ரிஜிஸ்தரை எடுத்து, தூசி தட்டி, பேச்சியின் பெயரைக் கண்டுபிடித்தார்கள். விரலை வைத்து அந்த வரியோடு நகர்த்தினார்கள்.

"தாத்தா, தேதிக்குப் பக்கத்துல சின்னதா செவப்பு மையில ‘உத்தேசம்’னு எழுதிருக்காங்க."

"எல்லாருக்குமா?"

"இல்ல. சில பேருக்கு இருக்கு, சில பேருக்கு இல்ல. இல்லாதவங்க ஆஸ்பத்திரியில பொறந்தவங்களா இருக்கும்."

அப்படியா செய்தீர்கள், வாத்தியாரய்யா? தெரிந்ததைத் தெரிந்தது என்றும், நீங்களாகப் போட்டதை நீங்களாகப் போட்டது என்றும் பிரித்து வைத்திருக்கிறீர்கள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் சர்டிபிகேட் எழுதிக் கொடுக்கும்போது அந்த வார்த்தையை ஏன் விட்டீர்கள்? அந்தத் தாளிலும் கட்டம் இல்லையா? அந்தச் சிவப்பு மை அதிலும் இருந்திருந்தால் செல்வி ஒரு நிமிடம் யோசித்திருப்பாள் அல்லவா? கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

மறுபடி கோவில்பட்டிக்குப் போனேன். திருக்கார்த்திகை முடிந்த மறு வியாழன் என்றும், ஊரில் பெரிய கிணறு வெட்டிய மறுவருடம் என்றும் சொன்னேன். கிணறு வெட்டிய வருடம் பஞ்சாயத்துக் கல்லில் இருந்தது, பேச்சி குறித்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த வருடத்துத் தேதியைப் பெட்டி கண்ணிமைக்கும் நேரத்தில் காட்டியது. அதற்குத் தெரிந்த வேலையை அது பழுதில்லாமல் செய்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

"நேரம் தாத்தா?"

"வாத்தியாரு மழைக்குப் பயந்து மணி அடிச்ச நேரம்."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதை எப்படி அடிக்கது? உத்தேசமா ஒரு நேரம் சொல்லுங்க."

பதினொன்று என்று போட்டாள். பூசம் என்று வந்தது. ஒரு தோஷமும் இல்லை. பன்னிரண்டு என்று போட்டாள். ஆயில்யம் என்று வந்தது. மாமியாருக்கு ஆகாதாம்.

இரண்டு தாளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஒங்களுக்கு எது வேணும் தாத்தா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உதவி செய்யத்தான் கேட்டாள்.

"எனக்கு வேண்டியதைத்தான் அது சொல்லும்னா, அதுகிட்ட எதுக்கும்மா கேக்கணும்?"

அவள் இரண்டு தாளையும் மடித்துக் கொடுத்தாள். வெளியே வந்ததும் பேச்சி, "பூசத்தை மட்டும் கொண்டு போவோம்பா. யாருக்குத் தெரியும்?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நீங்கள் ஒரு தேதி போட்டு அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீர்கள், நான் ஒரு நேரம் போட்டு அவளைக் கட்டிக்கொடுத்தால் என்ன? பஸ் வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் போட்ட பொய் உங்கள் கையிலேயே இருந்தது, அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் கொண்டுபோகிற தாளில் நான் எங்கே நிற்பேன்? நாளைக்கு அந்த வீட்டில் யாருக்காவது தலைவலி வந்தால் யாரைப் போய்க் கேட்பாள் பொன்னுத்தாய்? பூ தப்பாக வந்தால் ஏசுவதற்கு அம்மனாவது உண்டு.

கழுகுமலைக்குப் போய் இரண்டு தாளையும் பொன்னுத்தாய் முன்னால் வைத்தேன். காது தொட்ட கதை, ஜூன், சிவப்பு மை, மழை மணி எல்லாவற்றையும் சொன்னேன்.

"கேட்டை இல்லை. அது மட்டும் நிச்சயம். இந்த ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது, தாயி. தெரிஞ்ச மனுசர் போய்ச் சேந்துட்டாரு."

அவள் தாள்களைப் பார்த்தாள். அவளுக்கும் என்னைப்போல எழுத்து தெரியாது. குமரேசனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். ஆயில்யத் தாளை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.

"மூத்தவனுக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"இல்லம்மா."

"எனக்குத்தான ஆகாது?"

"அப்படித்தான் போட்டுருக்கு."

"அப்ப அதை நான் பாத்துக்கிடுதேன்" என்று எழுந்து சேலையை உதறினாள். "ரேசன் கார்டுல எனக்கும் எம்மூத்தவனுக்கும் ஒம்பது வயசு வித்தியாசம் போட்டுருக்கான் அண்ணாச்சி. ஒம்பது வயசுல புள்ளை பெத்தவளை ஆயில்யம் என்ன செஞ்சிரும்?"

குமரேசன்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு பெட்டியாலும் செய்ய முடியாத காரியத்தை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து செய்தாள். வருவது வரட்டும், அதற்கு நான் இருக்கிறேன் என்றாள்.

கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீருக்கு ஆளைத் தேடியபோது, என் வீட்டுக்காரிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று பொன்னுத்தாய்க்குத் தெரிந்தது. "பொறந்த நாள் குடுத்தவரு தாய்மாமன் மொறதான? அந்த வாத்தியாரு பேர்ல ஒரு மாலையை வையுங்க" என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து உங்கள் படத்தை வாங்கி வந்து மாலை போட்டோம். கல்யாணம் முழுக்க மூக்குக் கண்ணாடிக்குள்ளிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மூத்தவன் போன மாதம் லீவில் வந்துவிட்டுப் போனான். பொன்னுத்தாய் நன்றாக இருக்கிறாள். பேச்சி ரசத்துக்குப் புளி கூடப் போட்டால், "ஆயில்யம் வேலையைக் காட்டுது பாரு" என்று சத்தம் போடுகிறாள். பேச்சியும் விடுவதில்லை, "பூசமா இருந்தா இன்னும் கொஞ்சம் போட்டுருப்பேன் அத்தே" என்கிறாள்.

இப்போது எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், பழைய ரிஜிஸ்தர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறார்களாம். வருகிற திங்கட்கிழமை உங்கள் ரிஜிஸ்தர் கோவில்பட்டிக்குப் போகிறது. தலைமையாசிரியையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அந்தச் செவப்பு மை வார்த்தைக்கு இடம் இருக்காம்மா?"

"விசாரிச்சேன் தாத்தா. தேதி மட்டுந்தானாம்."

ஏற்றி முடித்ததும் ரிஜிஸ்தரை என்ன செய்வார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பேச்சியோடு படித்த பாதிப் பிள்ளைகள் ஜூனில் பிறந்தவர்களாகவே நின்றுவிடுவார்கள். வேலைக்கு, வைத்தியத்துக்கு, இன்னும் எதெதற்கோ அந்தத் தேதியைப் பெட்டியிடம் கேட்பார்கள். அது தயங்காமல் சொல்லும். அதற்குத் தயங்கத் தெரியாது.

அதனால் திங்கட்கிழமை நானும் போகிறேன். பேச்சி கூட வருகிறாள், வாசிக்க. பெட்டியை மூடு என்று சொல்ல மாட்டேன், அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு பெயராக வரும்போது உங்கள் சிவப்பு மையைக் காட்டி, இதற்கு ஒரு கட்டம் போடுங்கள் என்று கேட்பேன். மேலே உள்ளவர்களைக் கேட்க வேண்டும் என்பார்கள். கேட்டு வரும்வரை அங்கேயே இருப்பேன். ஆடுகளைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

ஒன்று மட்டும் தீரவில்லை. அன்றைக்கு எத்தனை மணிக்கு அடித்தீர்கள்?

இப்படிக்கு,
பேச்சிக்கு நாள் கொடுத்த வகையில் உங்களுக்கு மச்சான் முறை ஆகிவிட்ட
வெயிலுமுத்து
(இடது பெருவிரல் ரேகை)