சமதரை

ஜூன் 4
காலையிலிருந்து மழை. தெரணியகலை ரோட்டில் மண் சரிந்து லைட் போஸ்ட் விழுந்துவிட்டது. கரண்ட் வர ஒரு வாரமாவது ஆகுமாம். சரோஜாவின் ஒக்சிஜன் மெஷினுக்காக வாங்கிய ஜெனரேட்டருக்கு இன்று முதல் வேலை. கடைக்கார நஸீர் நாநா சொன்னது: முதல் இருபது மணித்தியாலம் பாதி லோடு மட்டும். பிறகு எஞ்சின் எண்ணெய் மாற்றம், தள்ளிப்போடக் கூடாது. ஆகவே மெஷினும் ஒரு பல்பும். சரோஜா சொல்லி டேங்குக்குச் சந்தனப் பொட்டு.

ஜூன் 5
நாலு தடவை நின்றது. எண்ணெய் நிறைய இருக்கிறது. நாநாவுக்கு போன்.
"சரிவுல வெச்சிருப்பீங்க சேர். எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கினா, இல்லன்னு நெனச்சு தானா நின்னுரும். மிஸிஸ் எப்படி?"
தோட்டத்து லயம், வரிசை வீடுகள் எல்லாம் மலைச்சரிவில்; சுற்றி எங்கே சமதரை? செங்கல் முட்டுக் கொடுத்தேன், அதிர்ந்து நழுவியது. வீட்டுக்குள் சிமெந்துத் தரை. ஆனால் புகை. அப்படிச் செத்த ஒரு குடும்பத்தைப் பற்றி பத்திரிகைக்கு நானே செய்தி எழுதியிருக்கிறேன்.
நிற்கும் போதெல்லாம் சரோஜாவின் உதடு கறுத்தது.

ஜூன் 6
எதிரே மாரியம்மன் கோயில், முன்மண்டபம் நல்ல மட்டம். கோயில் தலைவர் மாணிக்கம் விடவில்லை.
"ஆத்தா முன்னால பெட்ரோல் புகையா? யோசிங்க சேர்."
பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் லெச்சுமி விறகைக் கீழே போட்டாள். "ஆத்தா மூச்சு விட்டுக்குவா மாமா. அக்காவுக்குத்தான் முடியல."
மாணிக்கம் பூட்டைத் திறந்தார். வாசலைத் தாண்டி நீள வயர். ஒரு தடவையும் நிற்கவில்லை. சரோஜா தூங்கினாள்.

ஜூன் 8
எண்ணெய் மாற்ற எஞ்சினை நிறுத்த வேண்டும். நேற்றும் தள்ளிப்போட்டேன். இன்று சத்தம் மாறியிருக்கிறது.
சரோஜா: "எனக்கும் கேக்குது. நிப்பாட்டி மாத்துங்க. அது செத்தா நானுந்தானே."
லெச்சுமி விசிறிக்கொண்டு சரோஜா பக்கத்தில். வடித்த எண்ணெயில் இரும்புத்தூள் மினுங்கியது. அவசரத்தில் புது எண்ணெய் கொஞ்சம் கோயில் தரையில் சிந்தியது. துடைத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. உள்ளே ஓடினேன். பரவாயில்லை என்று சரோஜா கை காட்டினாள்.

ஜூன் 9
விடியும் முன் சரோஜா போய்விட்டாள். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
தீட்டு. ஜெனரேட்டர் கோயிலில் இருக்கக் கூடாது. மாணிக்கமே தூக்கி வந்தார். சாவு வீட்டுக்கு லைட் வேண்டும். கொட்டுகிற மழையில் வாசல் மேட்டை மம்பட்டியால் வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மிதித்து, பலகை போட்டு, மேலே தகரம் மறைத்தார். தம்ளரில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தார். அரை மணி நேர வேலை.
"இத அன்னைக்கே..." என்று லெச்சுமி வாயெடுத்தாள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.
எல்லாப் பல்பும் போட்டாயிற்று. முழு லோடு. நிற்காமல் ஓடுகிறது.