கொல்லையில் நட்ட குச்சிகள்

ஜூலை 4

சேறு கழுவியே சோப்பு இரண்டு கட்டி தீர்ந்தது. கணக்கில் எழுதிவிட்டேன்.

பஸ் ரோட்டுக்குப் போகும் நடைபாதையை ஆறு கொண்டுபோனதிலிருந்து எல்லோருக்கும் என் கொல்லைமேல்தான் கண். இன்று கேட்காமலே குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள், புதுப் பாதைக்காம். முன்னால் நின்றது யார்? பக்கத்து வீட்டுத் தையல்காரி! வெள்ளத்தன்று மாடியில் இடமில்லை என்று எங்களை மழையில் நிறுத்தியவள்.

குச்சிகளைப் பிடுங்கி அவள் வாசலில் போட்டேன்.

ஜூலை 5

பாதை வேலையை முன்னின்று நடத்தும் கொத்தனார் வந்தார். "அக்கா, ஊருக்கே வழி. ரெண்டு முழ அகலம் போதும்."

"அன்னிக்கு நாங்க கேட்டதும் ரெண்டு பேர் உட்கார இடம்தான்" என்றேன்.

வேலிக்கு அப்பால் தையல்காரி: "வேளாவேளைக்குக் கும்பிடு மட்டும் குறையாது. மனசு களிமண்ணு."

எட்டிப் பார்ப்பதுதான் இவளுக்கு வேலையா? உள்ளே போய் ஊருக்காகப் பிரார்த்தித்தேன். அவளை மட்டும் விட்டுவிட்டேன்.

ஜூலை 6

குச்சி நட்டிருந்த இடத்தில் முள்வேலி போட்டாயிற்று. "நான் வேலைக்கு எந்த வழியா போறது?" என்றார் இவர். முள்கட்டை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

ஜூலை 11

பாதையைத் தையல்காரியின் இடத்தில் திருப்பிவிட்டார்கள். காய்த்து நின்ற கொய்யா மரம் — அவளே வெட்டச் சொன்னாளாம். வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்கிறார்கள். என் வீட்டை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போயிருப்பேனா? தெரியவில்லை. அந்த மரத்தை அவள் விட்டுக்கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூலை 14

எல்லா வீட்டுக்கும் பாதை சேர்ந்துவிட்டது, எங்களுக்குத் தவிர. என் கொல்லைப் பக்கம் இன்னும் முழங்கால் தண்ணீர், மண் போட ஆளில்லை. புதுப் பாதைக்கும் எங்களுக்கும் நடுவே அவள் நிலம், ஏழெட்டு அடி, முழுக்கச் சேறு. இவர் அதில் வழுக்கி விழுந்துவிட்டார். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. டாக்டரிடம் எப்படிக் கூட்டிப்போவேன்? கடவுளே, எவளிடம் கொண்டுபோய் என்னை நிறுத்துகிறாய்!

ஜூலை 15

அவளிடமே போய் அந்த ஏழெட்டு அடியில் வழி கேட்டேன், மெதுவாக.

"காதுக்குள்ள சொல்லாத. எல்லாரும் அங்க மண்வெட்டி கழுவிட்டிருக்காங்க. அங்க வந்து கேளு."

எல்லோர் முன்னாலும் கேட்டேன். கொத்தனார் வேறு பக்கம் பார்த்தார்.

"எடுத்துக்கோ. ஆனா நீதான் வெட்டணும். ஒருத்தரும் கை குடுக்கக் கூடாது" என்றாள்.

ஜூலை 16

வெட்டினேன். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அவள் படியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கமா சரிச்சு வெட்டு. இல்லேன்னா மழைத்தண்ணி பூரா உன் வீட்டுக்குள்ளதான் போகும்."

சனியன், சரியாகத்தான் சொன்னாள். சரித்து வெட்டினேன்.

சாயங்காலம் இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ரோடு வரைக்கும் வந்துவிட்டார். நாங்கள் அவள் படியைத் தாண்டும்போது காலை மடக்கி வழி விட்டாள்.