சந்தனப் பொட்டும் நாத்தனார் முடிச்சும்

திருப்புலி நாடு,
கொல்லிமலை.

அன்பு மகள் பூங்குழலிக்கு அம்மா எழுதுவது. மலையில் நாங்கள் எல்லோரும் நலம், அந்தக் குளிர் ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கப் பெரியண்ணசாமி துணை. போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன், உன் அண்ணன் செல்வம் இதைப் படம் பிடித்து அனுப்புவான். மிளகு இந்த வருஷம் நல்ல காய்ப்பு, சோளக்காடு சந்தை வியாபாரி இப்போதே வந்து கொடியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார். உன் அப்பாவுக்கு மூட்டுவலி, மரம் ஏறாதீர்கள் என்றால் கேட்கிறாரா மனுஷன்.

கண்ணு, நீ அழுதுகொண்டே சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியைச் செல்வம் விளக்கினான். நியூட்ரான் என்கிற கண்ணுக்குத் தெரியாத துகளைப் பாய்ச்சி ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற மிஷினுக்கு நீ பொறுப்பு, பல தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் முறை வாங்கிக்கொண்டு உன்னிடம் வருகிறார்கள், அது தெரியும். ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். மிஷினை நெருங்க முடியாமல், பொருள் வைக்கிற அலுமினிய டப்பாவுக்குச் சந்தனம் வைத்திருக்கிறாய், துடைக்க மறந்துவிட்டாய். அதே டப்பாவில், ஆராய்ச்சிப் படிப்புக்காக வந்த அந்த எலேனா என்கிற பெண் தன் மருந்தை வைத்து அளக்க, நியூட்ரான் சந்தனத்தில் பட்டுச் சிதறி எல்லாம் பாழ். அடி ஆத்தா, ஒரு விரல் சந்தனம் இத்தனை வேலை செய்யுமா! மூடி மறைக்காமல் நீயே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாய் பார், அதில் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

மறுபடி அளக்காவிட்டால் அவள் படிப்பே நின்றுபோகும், உன் சொந்த ஆராய்ச்சிக்கு ஒதுக்கி, கல்யாணத்துக்காக நீ வேண்டாமென்று விட இருந்த தை மாத நாட்கள்தான் மிச்சம், அதைக் கொடுத்தால் நீயும் கூட நிற்க வேண்டும், அந்த நாளிலோ அண்ணன் கல்யாண முகூர்த்தம், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். உன் பாப்பாத்தி அத்தை, ஏனுங்கண்ணா, நாத்தனார் இல்லாம தாலிக்கு மூணாவது முடிச்சை யாரு போடுவாங்க, ஊரே சிரிக்குமுங்க என்று அப்பாவிடம் ஒரு ஆட்டம் ஆடிவிட்டாள். நானும் உனக்கு எடுத்த பட்டுப்புடவையை மடியில் வைத்து அழுதேன், பொய் சொல்லவில்லை. செல்வம்தான், அவளைத் திட்டாதீங்கம்மா, முடிச்சை அத்தையே போடட்டும் என்றான். சொல்லிவிட்டு மிளகுத் தோட்டத்துப் பக்கம் போனவன் வெகுநேரம் வரவில்லை.

அந்த எலேனாவும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே. உன் நாட்களை அவளுக்கே கொடுத்துவிடு. கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம், சாமி.

ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. உன் கை தொட்ட காரியம் துலங்க அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். தாலி கட்டும் நேரம் வீடியோவில் கூப்பிடுவோம். அந்தப் பெண்ணோடு வேலையில் இருந்தால் எடுக்காதே, நாங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டோம்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா பொன்னாயி